அத்தாவின் ஓய்வூதியமும் நாங்கள் போட்ட கணக்கும்



ஓய்வூதியத்தை எந்த வயதில் கேட்டுப் பெறுவது என்பது பார்வைக்கு ஒரு சிறிய அலுவலகக் கேள்வி. படிவத்தை நிரப்பிக் கையொப்பமிட்டால் முடிந்துவிடும் என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். ஆனால் எங்கள் குடும்பத்தில் அக்கேள்விக்கு விடை காண இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டுகளில் கணக்கைக் காட்டிலும் வேறு சிலவற்றையே அதிகம் கற்றுக்கொண்டோம். இதே கேள்வியின் முன் இன்று நிற்கும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில், பிள்ளைகள் நாங்கள் மூவரும் கூடி இதை எழுதுகிறோம்.

எங்கள் அத்தா திண்டுக்கல்லை அடுத்த ஒரு நூற்பாலையில் 1996ஆம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 33 வயது. அதற்கு முன்பு தோல்ஷாப்பில் நாள்கூலி. ஆலையில் மாதச் சம்பளம் கிடைத்ததும், சம்பளச் சீட்டில் 'பி.எஃப்.' என்று ஒரு பிடித்தம் தோன்றியதும் அன்றைக்கு எங்கள் வீட்டில் பெரிய செய்தி. 22 ஆண்டுகள் மூன்று ஷிப்டுகளிலும் மாறி மாறி உழைத்தார். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவருக்கு 55 வயது நிறைந்தது. பஞ்சுத் தூசியால் வந்த இருமல் அதற்குள் நிரந்தரமாகிவிட்டிருந்தது. ஆலையிலும் ஆட்குறைப்பு. விலகிக்கொள்ள விரும்பும் மூத்த தொழிலாளர்கள் விலகலாம் என்று அறிவித்திருந்தார்கள். அத்தா விலகுவதென முடிவு செய்தார்.

அவ்வாண்டு ரமளானில் ஓரிரவு, தராவீஹ் தொழுகை முடிந்து வீடு திரும்பிய பின், நாங்கள் மூவரும் ஒரு தாளும் பேனாவுமாக அமர்ந்தோம். அத்தாவுக்கு வரவேண்டியவை எவை, எதை எப்போது கேட்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இரண்டு பணம், இரண்டு விதி

முதலில் எங்களுக்கே தெளிவில்லாதிருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 'பி.எஃப். பணம்' என்று பேச்சு வழக்கில் நாம் குறிப்பிடுவது உண்மையில் இரண்டு தனித்தனி உரிமைகள்.

தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கப்படும் 12 விழுக்காடு முழுவதும் வருங்கால வைப்பு நிதியில் சேர்கிறது. நிர்வாகம் செலுத்தும் 12 விழுக்காட்டில் 3.67 விழுக்காடு அதே நிதிக்கும், 8.33 விழுக்காடு 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திற்கும் செல்கின்றன. ஒன்றிய அரசு தன் பங்காக 1.16 விழுக்காடு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்க்கிறது. வைப்பு நிதி மொத்தமாகக் கைக்கு வரும். பத்தாண்டுப் பணி முடித்தவருக்கு ஓய்வூதியம் மொத்தமாக வராது. ஆயுள் உள்ளவரை மாதந்தோறும் வரும். ஒன்றைப் பெற்றுக்கொண்டதால் மற்றொன்றையும் அன்றே கேட்டாக வேண்டும் என்பதில்லை.

ஓய்வூதியம் 58 வயதில் தொடங்குகிறது. வேலையை விட்டு விலகியவர் 50 வயதுக்குப் பின் முன்கூட்டியே கேட்கலாம். ஆனால் 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறையும். அந்தக் குறைவு ஆயுள் முழுதும் நிலைக்கும். 58இல் கேட்காமல் 60 வரை பொறுப்பவருக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு கூடும். இது 2016ஆம் ஆண்டு வந்த ஏற்பாடு.

ஓய்வூதியத்திற்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பது அடிப்படைக் கணக்கு. 20 ஆண்டு பணி முடித்தோருக்கு இரண்டு ஆண்டுகள் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளப்படும். இங்கு பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கணக்கில் கொள்ளப்படும் சம்பளத்தின் உச்சவரம்பு 2014 செப்டம்பரில்தான் 6,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது. ஆகவே அதற்கு முந்தைய பணிக்காலம் பழைய வரம்பின்படியே கணக்கிடப்படும். அத்தாவின் பணியில் பெரும்பகுதி அதற்கு முந்தையது. எல்லாம் கூட்டிப் பார்த்ததில், 58 வயதில் கேட்டால் மாதம் ஏறத்தாழ 2,600 ரூபாய் என்று வந்தது. 55 வயதிலேயே கேட்டால் 2,290. 60 வரை பொறுத்தால் 2,800.

சிறிய தொகைதான். ஆனால் நாள்கூலியில் தொடங்கிய வீட்டில், மாதந்தோறும் தவறாமல் வரும் 2,600 ரூபாய் சிறிதன்று.

தாளில் எழுதப்பட்ட எண்

எங்களில் மூத்தவரான அண்ணன் கணக்குப் போட்டார். 55 வயதிலேயே கேட்டால் 58க்குள் 36 மாதங்களில் 82,000 ரூபாய்க்கு மேல் கைக்கு வந்துவிடும். பொறுத்தால் அதற்குப் பிறகு மாதம் 310 ரூபாய் கூடுதல். விட்டுக்கொடுத்த 82,000 ரூபாயை இந்த 310 ரூபாய் ஈடுகட்ட 22 ஆண்டுகள் வேண்டும். அதாவது அத்தாவுக்கு 80 வயது ஆகவேண்டும். 60 வரை பொறுத்தால் ஈடாக ஏறத்தாழ 82 வயது ஆகவேண்டும். இந்த ஓய்வூதியத்திற்கு அகவிலைப்படியும் கிடையாது. விலைவாசி ஏற ஏற, பின்னால் வரும் 310 ரூபாயின் மதிப்பு இன்னும் குறையும். ஆகவே இப்போதே கேட்பதே இலாபம் என்று அண்ணன் முடித்தார். தாளில் 65, 70, 80 என்று மூன்று வயதுகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் மொத்தத் தொகையையும் குறித்திருந்தார்.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அத்தா அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார்.

"இந்த எண்பது என்னப்பா?"

அண்ணன் விளக்கினார். அத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப எண்பதுக்குள்ள நான் மௌத்தானா லாபம். அதுக்கு மேலயும் ஹயாத்தா இருந்தா நஷ்டம். அப்படித்தானே?"

அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எங்களால் சிரிக்க முடியவில்லை. தந்தையின் மரணத்தை ஓர் இலாபக் கணக்கின் கட்டத்துக்குள் எழுதி வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எந்த மண்ணில் மரணிப்போம் என்பதை எந்த ஆன்மாவும் அறியாது என்று ஸூரா லுக்மானின் இறுதி வசனம் அறிவிப்பதை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அந்த இரவில்தான் அது எங்கள் வீட்டைப் பற்றிய செய்தியாயிற்று. அல்லாஹ் மட்டுமே அறிந்த ஒன்றை நாங்கள் ஊகமாக எழுதி, அந்த ஊகத்தின் மேல் ஒரு தீர்மானத்தையும் கட்டியிருந்தோம்.

அத்தா தாளைக் கிழிக்கவில்லை. கணக்குப் போடுவது தவறு என்றும் சொல்லவில்லை. "எனக்கு அப்புறம் உங்க அம்மாவுக்குப் பாதி வரும்னு ஆலையில சொன்னாங்க. அதையும் சேர்த்துப் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் சேர்க்கவில்லை.

அம்மாவின் பங்கு

அம்மா அத்தாவைவிட எட்டு வயது இளையவர். இத்திட்டத்தில் ஓய்வூதியம் பெறுபவர் மறைந்தால், அவர் பெற்றுவந்த தொகையில் பாதி மனைவிக்குச் செல்கிறது. அதன்படி அத்தா 55இல் கேட்டிருந்தால் அம்மாவுக்கு 1,145 ரூபாய்; 58இல் கேட்டிருந்தால் 1,300 ரூபாய். வித்தியாசம் மாதம் 155 ரூபாய். அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு அன்று ஆன செலவு ஏறக்குறைய அவ்வளவு.

மறுநாள் மீண்டும் கணக்கிட்டோம். அத்தாவுக்குப் பின்னர் அம்மா நெடுங்காலம் வாழ்ந்தால், முன்கூட்டியே கேட்டதன் இலாபம் கரைந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் மறைந்துவிடுகிறது. எங்கள் கணக்கு சமநிலையில் வந்து நின்றது. இப்பக்கமும் சாயவில்லை, அப்பக்கமும் சாயவில்லை.

அத்தாவின் விருப்பம் தெளிவானது: "பொறுத்துக்கிறேன். தெரிஞ்சவர் அரிசி மண்டியில மூட்டை எண்ணுற வேலை இருக்கு. அம்பத்தெட்டு வரைக்கும் ஓட்டிரலாம். உங்க அம்மாவுக்கு முழுசாப் பாதி கிடைக்கட்டும்."

அம்மா இதற்கு உடன்படவில்லை. "எனக்கு நூத்தம்பது ரூபா கூட வரணும்னு நீங்க மூணு வருஷம் மண்டியில நிக்கணுமா? இருபத்திரண்டு வருஷம் நின்னது போதாதா? இப்பவே எழுதிக் கொடுங்க" என்றார்.

ஒருவர் மற்றவருக்காகப் பொறுக்க விரும்பினார். மற்றவர் அவருக்காக உடனே பெறச் சொன்னார். தனக்கு எது இலாபம் என்று அவ்விருவரும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பிள்ளைகள் நாங்கள்தாம்.

முதல் கடன்காரர்

முடிவு எட்டாத நிலையில், எங்கள் மஹல்லா பள்ளிவாசலின் ஹஜ்ரத்திடம் அத்தாவும் நாங்களும் சென்றோம். எங்கள் மனத்தில் இருந்த மார்க்கக் கேள்விகள் மூன்று.

வைப்பு நிதியில் அரசு சேர்த்துத் தரும் கூடுதல் தொகை வட்டியா என்பது முதற்கேள்வி. கட்டாயமாகப் பிடிக்கப்படும் தொகை தொழிலாளியின் கைக்கு வந்து, அவர் அதைக் கடனாகக் கொடுத்ததன்று. ஆகவே அதனுடன் சேர்த்துத் தரப்படுவது ஊதியத்தின் ஒரு பகுதியே, வட்டி ஆகாது என்பது ஹனஃபி ஆலிம்கள் பலரின் தீர்ப்பு என்று ஹஜ்ரத் விளக்கினார். தாமாக விரும்பிக் கூடுதலாகச் செலுத்திய பணத்தின் நிலை வேறு என்றும், பேணுதலுக்காக அதிலிருந்து விலகிக்கொள்வோர் உண்டு என்றும் கூறினார். அத்தா கூடுதலாக எதுவும் செலுத்தியவரல்லர்.

வாரிசுரிமை பற்றியது இரண்டாம் கேள்வி. நியமனதாரர் என்று படிவத்தில் எழுதப்படுபவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே. அதனால் மட்டும் அவர் ஒருவருக்கே அது சொந்தமாகிவிடாது என்றார் ஹஜ்ரத். கையில் வராமல் நிற்கும் வைப்பு நிதி, அத்தா மறைந்தால், அவர் விட்டுச் சென்ற சொத்து. மையித்தின் செலவு, கடன், வஸிய்யத் ஆகியவை போக, மீதி வாரிசுகளுக்குப் பங்கிடப்படும். பிள்ளைகள் இருக்கையில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. ஆனால் விதவை ஓய்வூதியம் கணவர் விட்டுச் சென்ற சொத்தன்று; திட்டம் நேராக மனைவிக்கு வழங்குவது. அது முழுவதும் அம்மாவுடையது. அதில் பிள்ளைகளுக்குப் பங்கில்லை.

எப்போது கேட்பது என்பதே மூன்றாம் கேள்வி. ஹஜ்ரத் அதற்கு நேராக விடை சொல்லாமல், "உங்களுக்குக் கடன் ஏதும் உண்டா?" என்று அத்தாவிடம் கேட்டார்.

இருந்தது. 2016ஆம் ஆண்டு அக்காவின் திருமணத்திற்காக எட்டுப் பவுன் நகையை அடகு வைத்து 1,10,000 ரூபாய் வாங்கியிருந்தோம். இரண்டு ஆண்டுகளாக வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டிருந்தோம்.

"நகை யாருடையது?"

"வீட்டுக்காரங்களோடது. அதுல மூணு பவுன் மஹராக் கொடுத்தது."

"அப்படியானால் உங்கள் முதல் கடன்காரர் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். வட்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. எத்தனை காலம் வாழ்வோம் என்பது நமக்குத் தெரியாது. யாருக்கு என்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்பது தெரியும். தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள்" என்றார்.

வரும் நாளுக்காகத் திட்டமிடுவது தவக்குலுக்கு மாறானதன்று என்பதையும் அவர் நினைவூட்டினார். ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலைப் பஞ்ச காலத்துக்காகச் சேமிக்கச் செய்தவர் ஒரு நபி, யூஸுஃப் (அலை). குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தம் செல்வத்தையெல்லாம் தர்மம் செய்துவிட எண்ணிய ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றோடு நிறுத்தினார்கள்; வாரிசுகளை மற்றவரிடம் கையேந்தும் நிலையில் விடாதிருப்பதே மேல் என்று உணர்த்தினார்கள். ஆகவே கணக்குப் போட்டது எங்கள் பிழையன்று. கடமையை எழுதாமல் ஆயுளை எழுதியதே பிழை.

பெயரில் ஒரு தடை

கடன் தெரிந்துவிட்டபடியால் முதல் தீர்மானம் எளிதாயிற்று. வைப்பு நிதியை உடனே கேட்பது; நகையை மீட்டு அம்மாவின் கையில் ஒப்படைப்பது. ஓய்வூதியத்தை இப்போதைக்குத் தொடாமல் வைப்பது.

விண்ணப்பித்தபோதுதான் ஒரு தடையைக் கண்டோம். 1996இல் ஆலையின் எழுத்தர் அத்தாவின் பெயரை ஆங்கிலத்தில் ஒருவிதமாக எழுதியிருந்தார். ஆதார் அட்டையில் வேறுவிதம். வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதம். 'முகமது' என்ற ஒரு பெயரை ஆங்கிலத்தில் எத்தனை வகையாக எழுதலாம் என்பதை நம் சமுதாயத்தில் அறியாதவர் இல்லை. மூன்றும் ஒருவர்தாம் என்பதை நாங்கள் அறிவோம், கணினி அறியாது. பிறந்த தேதியிலும் மாறுதல் இருந்தது. எந்த வயதில் ஓய்வூதியம் தொடங்கும் என்பதே பிறந்த தேதியைப் பொறுத்தது என்பதால் அது இன்னும் முக்கியமானது. மேலும், 1996இல் எழுதிய குடும்ப விவரப் படிவத்தில் எங்களில் இளையவரின் பெயரே இல்லை. அவர் பிறந்தது 1998இல்.

தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கையொப்பமிடும் கூட்டு உறுதிமொழியைக் கொடுத்து இவற்றைத் திருத்த நான்கு மாதங்கள் ஆயின. ஆலையோடு தொடர்பு அறுந்துபோகாத நாட்களில் இதைச் செய்தது அல்லாஹ்வின் அருள். பல ஆண்டுகள் கழித்து, பழைய எழுத்தரும் இல்லாது, ஆலையும் கைமாறிய நிலையில் சென்றிருந்தால் எவ்வளவு அலைந்திருப்போம் என்று எண்ணிப் பார்க்கிறோம். இன்னும் பணியில் இருக்கும் சகோதரர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்பும் முதல் செய்தி இதுவே. ஓய்வு பெறும் வயதுக்காகக் காத்திராமல், ஆதார், வங்கி, வைப்பு நிதி ஆகிய மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். மனைவி, பிள்ளைகள் அனைவரின் பெயரும் பதிவாகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பணம் வந்தது. அடகு மீண்டது. அத்தா நகைப் பையை அம்மாவிடம் கொடுத்து, "எண்ணிப் பாத்துக்க" என்றார். அம்மா எண்ணவில்லை. ஆனால் அன்றைக்கு அத்தாவின் முகத்தில் இருந்த இலேசான தன்மையை நாங்கள் வெகுநாள் கண்டதில்லை. எஞ்சிய தொகையில் கூரையைச் செப்பனிட்டு, மீதியைச் சேமிப்பில் வைத்தோம்.

ஆண்டுக்கொருமுறை கேட்ட கேள்வி

ஓய்வூதியம் பற்றிய இரண்டாம் தீர்மானம் அம்மா சொன்னது. "இன்னிக்கே முடிவு பண்ணணும்னு யார் சொன்னா? வருஷா வருஷம் ரமளான்ல ஜகாத் கணக்குப் பார்க்கிறோம்ல, அப்ப இதையும் பார்ப்போம்" என்றார்.

நாங்கள் யாரும் இப்படி எண்ணிப் பார்த்திருக்கவில்லை. 55இலா 58இலா என்று ஓரிரவில் முடிவெடுக்க வேண்டிய கேள்வியாகவே அதைக் கண்டிருந்தோம். 50க்கும் 58க்கும் இடையில் எந்த மாதத்திலும் கேட்கலாம் என்று விதி இருக்கையில், பொறுப்பது என்ற முடிவை ஒவ்வோராண்டும் மாற்றிக்கொள்ளலாம். கேட்டுவிட்டதை மட்டுமே திரும்பப் பெற முடியாது. தேவை வராத வரையில் பொறுப்பது, தேவை வந்தால் தயங்காமல் கேட்பது என்று மஷூராவில் ஒத்துக்கொண்டோம். அத்தா இஸ்திகாரா தொழுதார். பின்னர் மண்டி வேலைக்குச் சென்றார்.

2019 ரமளானில் கேள்வியை மீண்டும் எடுத்தோம். மண்டியில் கூலி வந்துகொண்டிருந்தது. நிழலில் நின்று செய்யும் வேலை, தூசி குறைவு. இன்னும் ஓராண்டு பொறுப்போம் என்றார் அத்தா.

2020 ரமளான் ஊரடங்கில் வந்தது. பள்ளிவாசல் மூடியிருந்தது. தராவீஹ் தொழுகையை வீட்டிலேயே அத்தா முன்னின்று தொழுவித்தார். மார்ச் மாத இறுதியிலிருந்து மண்டி வேலை இல்லை. இருமலும் கூடியிருந்த நாட்கள். அந்த ஜூனில் அவருக்கு 57 வயது நிறைந்தது. இன்னும் ஓராண்டு பொறுத்தால் 2,600. இப்போது கேட்டால் ஏறத்தாழ 2,500. நூறு ரூபாய்க்காக ஓராண்டு வெறுங்கையோடு இருப்பதா என்ற கேள்வியே எழவில்லை. இம்முறை யாரும் தாளை எடுக்கவில்லை. எவருடைய ஆயுளையும் எழுதவில்லை. "இப்ப கேட்போம்" என்று அத்தா சொன்னார், அம்மா தலையசைத்தார்.

ஓய்வூதியத்திற்குரிய பத்து-டி படிவத்துடன் கணவன் மனைவி இருவரும் சேர்ந்திருக்கும் புகைப்படம் வேண்டும். அத்தாவும் அம்மாவும் சேர்ந்து எடுத்த படம் ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. நிகாஹ் நடந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, ஸ்டூடியோவில் இருவரும் அருகருகே அமர்ந்தார்கள். அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இருந்தார். அந்தப் படத்தின் ஒரு பிரதி அலுவலகத்துக்குச் சென்றது. ஒரு பிரதியை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார்.

பெயரும் தேதியும் முன்னரே திருத்தப்பட்டிருந்ததால், விண்ணப்பம் தடையின்றிச் சென்றது. சில வாரங்களுக்குப் பின் நிலுவையும் சேர்ந்து முதல் தொகை வங்கிக்கு வந்தது. அத்தா அதிலிருந்து முதலில் எடுத்தது ஸதகாவுக்கு. இரண்டாவது எடுத்தது அம்மாவின் மாத்திரைக்கு.

நாங்கள் சரியாகத்தான் முடிவெடுத்தோமா?

தெரியாது. அத்தா 80 வயதைக் கடந்து வாழ்ந்தால், பொறுத்திருந்தவர் பெற்றிருக்கக்கூடிய தொகையைவிட நாங்கள் பெற்றது குறைவு என்று ஒருநாள் கணக்குச் சொல்லலாம். அப்படியொரு நட்டத்தை அல்லாஹ் எங்களுக்குத் தரவேண்டும் என்பதே எங்கள் துஆ.

ஒவ்வொரு குடும்பத்தின் நிலையும் வேறு. கடனில்லாமல், உடல்நலத்தோடு, வேறு வருவாயும் உள்ளவருக்கு 58 வரையோ 60 வரையோ பொறுப்பது நன்றாக இருக்கலாம். குறிப்பாக மனைவி வயதில் மிக இளையவராக இருந்தால். நோயும் கடனும் உள்ளவருக்கு முன்கூட்டிப் பெறுவதில் குற்றமேதும் இல்லை. விதிகளும் அவ்வப்போது மாறுகின்றன. விண்ணப்பிக்கும் முன் அன்றைய விதியைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். எங்கள் அனுபவத்திலிருந்து நாங்கள் சொல்லக்கூடியது, கேள்விகளின் வரிசையை மட்டுமே. முதலில், யாருக்கு என்ன கொடுக்க வேண்டும்? அடுத்து, எனக்குப் பின் என் வீட்டிலிருப்பவர் எதைக் கொண்டு வாழ்வார்? அதன்பின், இன்றைய தேவை என்ன? இவற்றுக்குப் பிறகு இடமிருந்தால் இலாபக் கணக்கைப் பார்க்கலாம். இந்த முடிவில் மனைவியும் அமர்ந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பயனுள்ள யோசனையைச் சொன்னவர் அம்மாதான். முதல் இரவில் நாங்கள் அழைக்க மறந்ததும் அவரைத்தான்.

அத்தாவுக்கு இப்போது 62 வயது. ஆண்டுக்கொருமுறை, தாம் உயிருடன் இருப்பதை அரசுக்கு மெய்ப்பிக்க வேண்டும். நூல் இழைகளைப் பற்றிப் பற்றித் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி எளிதில் ஏற்பதில்லை. ஒரு விரல் மாற்றி ஒரு விரலாக வைத்துப் பார்ப்பார்கள். சென்ற முறை ஆறாவது விரலில் ஏற்றுக்கொண்டது. சான்று பதிவானதும் அத்தா எங்களைப் பார்த்து, "இன்னும் ஒரு வருஷத்துக்கு எழுதிட்டாங்க. நீங்க அன்னிக்கு எழுதின எண்பதுக்கு இன்னும் நிறைய இருக்கு" என்றார்.

யா அல்லாஹ், எங்கள் பெற்றோரின் ஹயாத்தை நீளமாக்கி, அதில் பரக்கத்தைத் தருவாயாக. உழைத்து ஓய்ந்த ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருக்குரியதைத் தடையின்றிச் சேர்ப்பாயாக. கடன் சுமந்தவர்களின் கடனை நீக்குவாயாக. எங்களுக்குத் தெரியாததை உன்னிடம் ஒப்படைத்து, தெரிந்த கடமையை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அளிப்பாயாக. ஆமீன்.